கவர்மென்ட் பணம் வேண்டாம் சார்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும், 'இதுக்குக் காசு எங்கேர்ந்து வருது?' என்று கேட்கத் தோன்றும். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் எத்தனை இலை, ஒரு இலைக்கு எவ்வளவு என்று மனக்கணக்கு ஓடும். சினிமாவில் ஹீரோ பத்து கார்களை உடைத்தால், அதில் ஏற்கெனவே ஓட்டை கார் எத்தனை என்று எண்ணுவோம். வியாதி முற்றிய நிலையில் நான் சமீபத்தில் உட்கார்ந்து படித்தது ஒரு படகுக் கூட்டத்தின் வரவு செலவுக் கதை.

ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன். சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. பிரிட்டனையும் அயர்லாந்தையும் சுற்றியிருக்கும் கடலில் யார் மாட்டிக்கொண்டாலும் போய் இழுத்து வருகிறவர்கள். 230-க்கு மேல் ஸ்டேஷன்கள். 1824-ல் ஆரம்பித்து 2024-ல் இருநூறு வயசைத் தொட்டபோது, காப்பாற்றிய உயிர்கள் 1,46,000-க்கு மேல்.

வேலை நடக்கிற விதம் எளிமையானது. கடலில் ஆபத்து என்று 999-க்கு போன் வருகிறது. அதை எடுப்பது கோஸ்ட்கார்ட். அது அரசாங்கம். அவர்கள் பக்கத்து லைஃப்போட் ஸ்டேஷனுக்குத் தகவல் தர, அந்த ஊரில் ஏழெட்டு பேர் இடுப்பில் பேஜர் 'பீப் பீப்' என்று அலறுகிறது. (நம் ஊரில் பேஜர் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அங்கே இதற்காக உயிரோடு இருந்திருக்கிறது!) பிளம்பர் பைப்பைப் போட்டுவிட்டு ஓடுகிறார். வாத்தியார் வகுப்பை விட்டு ஓடுகிறார். மீன் கடைக்காரர் தராசில் மீனோடு அப்படியே ஓடுகிறார். சில நிமிடங்களில் படகு கடலில்.

"சம்பளம்?"

கிடையாது. ஒரு சில மெக்கானிக்குகளுக்கும், கோடைக்காலத்தில் பீச்சில் நிற்கும் லைஃப்கார்டுகளுக்கும் உண்டு. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சும்மா போகிறவர்கள்.

ஆனால் படகு சும்மா வராதே! 'ஷானன்' என்று ஒரு ரகம் இருக்கிறது. புயலில் குப்புறக் கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். ஒன்று 20 லட்சம் பவுண்டுக்கு மேல். நம் கணக்கில் 20 கோடி ரூபாயைத் தாண்டும். டீசல், பயிற்சி, ரப்பர் சூட்டு, கொட்டகை எல்லாம் சேர்த்தால் வருஷச் செலவு சுமாராக 20 கோடி பவுண்டு. இவ்வளவும் பெரும்பாலும் ஜனங்கள் கொடுத்தது. பார் கவுன்ட்டரில், மளிகைக் கடையில், டீக்கடையில் குட்டி லைஃப்போட் வடிவத்தில் ஒரு உண்டியல் உட்கார்ந்திருக்கும். அதில் விழும் சில்லறையிலிருந்து கிழவிகள் எழுதி வைக்கும் உயில் வரை.

அரசாங்கம் ஏன் கொடுக்கவில்லை?

கொடுத்தார்கள் சார். 'வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க' என்று இவர்கள்தான் நிறுத்திவிட்டார்கள். என் வியாதிக்குத் தீனி போட்டது இந்த இடம்தான்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். ஆரம்பித்த ஆளே ஒரு கடனாளி. சர் வில்லியம் ஹிலரி. நெப்போலியன் படையெடுத்து வந்துவிடுவான் என்று ஊரே பயந்த காலத்தில், சொந்தக் காசில் 1,400 பேரை வைத்து ஒரு படை திரட்டினார். 20,000 பவுண்டு காலி. நெப்போலியன் வரவில்லை, கடன் கொடுத்தவர்கள் வந்தார்கள்! 1808-ல் ஐல் ஆஃப் மேன் என்ற தீவுக்குக் கம்பி நீட்டினார். அங்கே போய் ஒளிந்தால் இங்கிலாந்துக் கடன் கேஸ் எதுவும் கிட்டே வராது.

அந்தத் தீவில் டக்ளஸ் என்ற ஊரில் கடலோர வீடு. ஜன்னலைத் திறந்தால் கப்பல்கள் பாறையில் மோதி உடைவது தெரியும். ஆட்கள் கண்ணெதிரே முழுகுவதும் தெரியும். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. 1823-ல் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, கப்பல் விபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்று பெரிய மனிதர்களுக்கெல்லாம் அனுப்பினார். கடற்படை அதிகாரிகள் கையைப் பிசைந்தார்கள். 'நல்ல யோசனை' என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடுவது எல்லா நாட்டு ஆபீசிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

பிறகு லண்டன் வியாபாரிகள் பக்கம் திரும்பினார். கப்பல் முழுகினால் முதலில் வலிப்பது அவர்களுக்குத்தானே! 1824 மார்ச் 4-ம் தேதி லண்டனில் ஒரு சத்திரத்தில் கூட்டம். கான்டர்பரி ஆர்ச்பிஷப் தலைமை. அடிமை ஒழிப்பு வில்பர்ஃபோர்ஸ் உள்பட பெருந்தலைகள் வந்திருந்தார்கள். முதல் வருஷ வசூல் கிட்டத்தட்ட 10,000 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அமோகம்.

அன்றைக்குப் போட்ட தீர்மானங்களில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது. 'எந்த நாட்டவராக இருந்தாலும், யுத்த காலமானாலும் சமாதான காலமானாலும், எல்லோரையும் ஒரே மாதிரி காப்பாற்ற வேண்டும்' என்பது அதன் சாரம்.

ஹிலரி வெறும் நோட்டீஸ் ஆசாமி இல்லை. 1830-ல், அறுபதை நெருங்கும் வயசில், தானே படகில் ஏறிப் போனார். அலை தூக்கிக் கடலில் எறிந்து விலா எலும்புகள் நொறுங்கின. அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். இதில் வேடிக்கை, அவருக்கு நீச்சல் தெரியாது!

1847-ல் அவர் செத்தபோது கையில் காசில்லை. அவர் ஆரம்பித்த அமைப்பின் கையிலும் இல்லை. 1849-ல் வருஷ வருமானம் 354 பவுண்டு. பத்தாயிரம் எங்கே, முந்நூற்றைம்பத்து நாலு எங்கே! முதல் வருஷத்து உற்சாகத்தில் பெரிய மனிதர்கள் கொடுத்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். பெரிய மனிதர்களை மட்டும் நம்பி ஆரம்பிக்கும் எந்த சபாவின் செக்ரெட்டரிக்கும் இது புரியும்.

1854-ல் அரசாங்கம் கை கொடுத்தது. வருஷத்துக்கு இவ்வளவு என்று மானியம். 'அப்பாடா' என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கில் ஒரு கோளாறு. மானியம் வர வர, ஜனங்கள் போடுவது சுருங்கியது. காரணம் சொல்ல எகனாமிக்ஸ் வேண்டாம். நம் ஊர் மொய் நோட்டு போதும். மந்திரி வீட்டுக் கல்யாணத்தில் போய் நாம் 101 ரூபாய் கவரை நீட்டுவோமா? 'அங்கே கொட்டிக் கிடக்கு, நம்ம 101 எந்த மூலைக்கு?' என்று கவர் பாக்கெட்டிலேயே தங்கிவிடும். அதேதான்! சர்க்கார் படியளக்கும் இடத்தில் சாமானியன் காசு போட மாட்டான். கூடவே மானியம் என்றால் விதிமுறை, அறிக்கை, விளக்கம், விளக்கத்துக்கு விளக்கம்.

1869-ல் மானியத்தை நிறுத்திக்கொண்டார்கள். 354 பவுண்டில் நின்ற பயம் மறந்திருக்காத காலத்தில் எடுத்த முடிவு. இதை நான் தைரியம் என்றுதான் சொல்வேன்.

இந்த நேரத்தில் ஆபீஸ்காரர்கள் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். 1866-லேயே லண்டனில் அரசாங்க குமாஸ்தாக்கள் சேர்ந்து ஒரு லைஃப்போட் நிதி ஆரம்பித்திருந்தார்கள். காரணகர்த்தாக்களில் ஒருவர் சார்லஸ் டிப்டின், போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் பாங்கில் வேலை பார்த்தவர். ஃபைல் தள்ளுகிறவர்கள், ஸ்டாம்ப் குத்துகிறவர்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு படகு வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் இன்னொன்று. நிதி இன்றும் இருக்கிறது. இதுவரை 50 படகுகளுக்கு மேல்! டிப்டின் 1883-ல் லைஃப்போட் அமைப்புக்கே செக்ரெட்டரி ஆனார். அரசாங்கத்தின் பணம் வேண்டாம், அரசாங்க ஊழியனின் பணம் வேண்டும். நுட்பமான வித்தியாசம்.

ஆனால் தெருவில் போகிறவன் பாக்கெட்டுக்குள் இவர்கள் கை போனது ஒரு பெரிய சாவுக்குப் பிறகு.

1886 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி. 'மெக்ஸிகோ' என்ற ஜெர்மன் பாய்மரக் கப்பல் லங்காஷயர் கரையோரம் மணல் திட்டில் சிக்கியது. மூன்று ஊர்களிலிருந்து மூன்று லைஃப்போட்டுகள் கிளம்பின. அந்தக் காலத்தில் துடுப்புதான். லித்தம் படகு கப்பலை எட்டி 12 மாலுமிகளையும் காப்பாற்றிவிட்டது. செயின்ட் ஆன்ஸ் படகில் போன 13 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சவுத்போர்ட் படகில் 16 பேரில் 14 பேர் போய்விட்டார்கள். மொத்தம் 27 மீனவர்கள், தொழிலாளிகள். 16 விதவைகள், 50 குழந்தைகள்.

ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 30,000 பவுண்டுக்கு மேல். விக்டோரியா மகாராணி கொடுத்தார், ஜெர்மன் சக்கரவர்த்தி கொடுத்தார்.

செயின்ட் ஆன்ஸில் சார்லஸ் மக்காரா என்று ஒரு பஞ்சாலை முதலாளி குடியிருந்தார். மான்செஸ்டரில் தொழில். இவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஆள் செத்த பிறகு இவ்வளவு கொடுக்கிறவர்கள், சாகாமல் இருக்க நல்ல படகு வாங்க ஏன் கொடுக்கவில்லை? கணக்கைப் பார்த்தார். அமைப்பு ஓடுவதே ஒரு சில பணக்காரர்கள் தயவில். 'ஜனங்க குடுக்க மாட்டேன்னு சொல்லலையே, நீங்க கேக்கவே இல்லையே!' என்பது அவர் கட்சி.

கேட்டார். 1891 அக்டோபர் 10, சனிக்கிழமை, மான்செஸ்டர். கடல் இல்லாத ஊர்! அங்கே நிஜ லைஃப்போட்டுகளைக் கொண்டுவந்து, பாண்டு வாத்தியம் முழங்க, சுவாமி புறப்பாடு மாதிரி தெருத்தெருவாக ஊர்வலம் விட்டார்கள். பின்னாலேயே தொண்டர்கள் காசுப் பையோடு. மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறவனும் தப்ப முடியாது. நீளக் கழியின் நுனியில் பையைக் கட்டி ஜன்னலுக்கே நீட்டினார்கள். டிராம் வண்டியின் மேல் தட்டில் உட்கார்ந்திருந்தாலும் பை மூக்குக்கு நேரே வரும். ஒரே நாளில் 5,000 பவுண்டுக்கு மேல் வசூல். மில் கூலிகள் போட்ட பென்னிகளும் அதில் சேர்த்தி.

தெருவில் திட்டமிட்டு நடத்திய தர்ம வசூலுக்கு இதுதான் முதல் உதாரணம் என்கிறார்கள். டிசம்பர் 7-ம் தேதி ஆபீஸில் நம் சட்டையில் குத்தப்படும் கொடி நாள் கொடிக்கு இதை ஒன்றுவிட்ட தாத்தா என்று சொல்லலாம். அடுத்த வருஷம் மக்காராவின் மனைவி பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். வீட்டுப் பெண்கள் கையில் வசூல் போனதும் அது நிற்கவே இல்லை. நம் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு இந்த ரகசியம் ஏற்கெனவே தெரியும்.

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். யூனியன் ஆசாமி. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதெல்லாம் சரி சார். உயிரைக் காப்பாத்தறது கவர்மென்ட்டோட டியூட்டி இல்லையா? உண்டியல் குலுக்கித்தான் ஒருத்தன் பிழைக்கணுமா?"

"கவர்மென்ட் ஒண்ணும் பண்ணலைன்னு இல்ல சார். கோஸ்ட்கார்ட் அவங்களோடது. ஹெலிகாப்டர் செலவு அவங்களோடது..."

"அப்ப படகும் குடுக்க வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. என் பதில் இவ்வளவுதான்: பட்ஜெட்டில் வரும் பணத்தை பட்ஜெட்டில் வெட்டவும் செய்யலாம். ஒரு வருஷம் ஒரு மந்திரி, 'இந்த ஊரில் படகு தேவையில்லை' என்று கோடு போட்டால் போயிற்று. இங்கே லட்சக்கணக்கான எஜமானர்கள். எல்லோரும் ஒரே நாளில் கோடு போட மாட்டார்கள். நண்பர் சமாதானம் ஆகவில்லை. 'ஜனங்க மறந்துட்டா?' என்றார். அதற்கு 354 பவுண்டு என்று சரித்திரமே பதில் சொல்லியிருக்கிறது. பயம் இல்லாமல் இல்லை.

மறக்காமல் வைப்பதற்கு அவர்கள் படாத பாடு இல்லை. 1966-ல் பி.பி.சி. டி.வி.யில் 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி, 'பழைய பேப்பர்பேக் புத்தகம் அனுப்புங்கள், விற்று ஒரு லைஃப்போட் வாங்கலாம்' என்றது. பிள்ளைகள் வீட்டு அலமாரிகளைக் காலி செய்து மூட்டை மூட்டையாக அனுப்ப, ஒன்றுக்குப் பதில் நாலு படகு வாங்கினார்கள். அப்பாக்களின் துப்பறியும் நாவல்கள் எத்தனை போயிற்றோ!

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 1981 டிசம்பர் 19. கார்ன்வால் கரையில் மவுஸ்ஹோல் என்ற குட்டி கிராமம். எழுதுவதுதான் எலி வளை, சொல்வது 'மௌஸல்'. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள். 'யூனியன் ஸ்டார்' என்ற புத்தம் புதுச் சரக்குக் கப்பல், எட்டு பேரோடு, எஞ்சின் நின்று பாறையை நோக்கி அடித்துப் போகிறது. சூறாவளிக் காற்று. ஹெலிகாப்டர் முயன்று முடியவில்லை. 'சாலமன் பிரவுன்' என்ற மரத்தாலான லைஃப்போட்டைத் தலைவர் ட்ரெவேல்யன் ரிச்சர்ட்ஸ் எடுத்தார். ஓடி வந்தவர்களில் ஏழு பேரைப் பொறுக்கினார். ஒரு பதினேழு வயசுப் பையனும் வந்து நின்றான். அவன் அப்பாவை ஏற்கெனவே எடுத்தாயிற்று. 'ஒரு வீட்டிலிருந்து ரெண்டு பேர் வேண்டாம்' என்று பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கப்பலிலிருந்து நாலு பேரைப் படகில் ஏற்றிவிட்டதாக ரேடியோவில் தகவல் வந்தது. அதோடு சரி. எட்டும் எட்டும் பதினாறு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

குடும்பங்களுக்காக நாடு முழுக்கப் பணம் வந்து குவிந்தது. 30 லட்சம் பவுண்டுக்கு மேல். அப்போது வருமான வரி இலாகா மெதுவாகத் தொண்டையைக் கனைத்தது. இதற்கு வரி உண்டே! ஜனங்கள் கொதித்த கொதிப்பில் அரசாங்கம் பின்வாங்கியது. அப்பா இல்லாத பிள்ளைக்குப் பக்கத்து ஊர்க்காரன் போட்ட காசில் டாக்ஸ் பிடிக்க நினைத்த அந்த ஆபீஸர் யாரோ, அவர் நிச்சயம் பி.காம்.தான்.

விபத்து நடந்து ஒரு நாளைக்குள் அதே கிராமத்தில் புதுப் படகுக் குழுவுக்குப் போதுமான ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பையன் பிற்காலத்தில் அங்கே லைஃப்போட் தலைவரே ஆனான்.

இவ்வளவு நல்ல பெயர் இருக்கும்போது, காசு கேட்பதில் இவர்கள் காட்டும் கூச்சம் என்னை ஆச்சரியப்படுத்தியது. மத்தியானம் கண் செருகும் வேளையில், 'சார், பர்சனல் லோன் வேணுமா?' என்று போன் வருகிறதே... பிரிட்டனில் தர்ம ஸ்தாபனங்களே இப்படிக் கடிதமும் போனுமாகத் துரத்துவதாக 2015-ல் பெரிய ரகளை ஆயிற்று. லைஃப்போட்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். 'எங்களைக் கூப்பிடலாம்' என்று தானாகச் சொன்னவர்களைத் தவிர யாரையும் தொடர்புகொள்வதில்லை. 2017-லிருந்து அமல். இதனால் ஐந்து வருஷத்தில் மூன்றரை கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் வரும் என்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்த்து, தெரிந்தே செய்தார்கள். ஆனால் சரி என்று சொன்னவர்கள் எக்கச்சக்கம். அவர்கள் முன்னைவிட நன்றாகவே கொடுத்தார்கள்.

இனி 1824 தீர்மானத்துக்கு வருகிறேன். ஞாபகம் இருக்கிறதா? எந்த நாட்டவராக இருந்தாலும்!

2021 ஜூலை. பிரான்ஸிலிருந்து ரப்பர் படகுகளில் கால்வாயைக் கடந்து அகதிகள் வருகிறார்கள். படகு தத்தளித்தால் லைஃப்போட் போகிறது. அரசியல்வாதி நைஜல் ஃபராஜ், லைஃப்போட் என்பது ஆள் கடத்துகிறவர்களுக்கு டாக்ஸி சர்வீஸ் ஆகிவிட்டது என்று சாடினார். தொண்டர்களுக்குத் தெருவில் ஏச்சு. அமைப்பு அறிக்கை விட்டது: முழுகுகிறவனிடம் நாங்கள் விசாரணை நடத்துவதில்லை, கரைக்குக் கொண்டுவருகிறோம், மற்றது அதிகாரிகள் பாடு.

வழக்கமாக ஒரு நாளைக்கு ஏழாயிரம் பவுண்டு போல ஆன்லைனில் வரும். அந்த வாரம் ஒரே நாளில் 2 லட்சம் பவுண்டுக்கு மேல்! குறும்புக்கார ஆசாமி ஒருவர், 'லைஃப்போட்காரர்களுக்கு ஒரு ஹோவர்கிராஃப்ட் வாங்கித் தருவோம், அதற்கு "பறக்கும் ஃபராஜ்" என்று பெயர் வைப்போம்' என்று வசூல் ஆரம்பிக்க, அதிலும் லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. திட்டினவருக்குக் கமிஷன் கொடுத்திருக்கலாம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2019-ல், 'பங்களாதேஷில் குழந்தைகள் குட்டையில் விழுந்து சாகாமல் தடுக்க நம் காசை ஏன் செலவழிக்கிறார்கள்?' என்று பத்திரிகைகளில் கூச்சல் கிளம்பியபோதும் இதே கதைதான். வெளிநாட்டுச் செலவு மொத்தத்தில் 2 சதவிகிதம். சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். அதைப் பார்த்து வேறு பலர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

உண்டியல், ஊர்வலம், சண்டை எல்லாம் பேப்பரில் வரும் சமாசாரம். பெரும் பணம் சத்தமில்லாமல் வருகிறது. பத்துத் தடவை லைஃப்போட் கடலில் இறங்கினால், அதில் ஆறு தடவை யாரோ உயிலில் எழுதி வைத்த பணத்தில்தான் இறங்குகிறது. அந்த 'யாரோ'க்களில் கடலைச் சரியாகப் பார்க்காத டீச்சர்களும் ரிட்டயர்டு குமாஸ்தாக்களும் உண்டு. சில படகுகளின் பெயரே அப்படிக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பெயர்.

படகு வாங்கும் அளவுக்கு வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். இறந்துபோன அப்பா, மனைவி, பிள்ளை பெயரில் ஒரு தொகை அனுப்பினால், புது ஷானன் படகு ஒன்றின் வெளிப்பக்கத்தில் பெரிதாக ஒட்டியிருக்கும் எழுத்துக்களுக்கும் எண்களுக்கும் உள்ளே அந்தப் பெயரைப் பொடி எழுத்தில் சேர்த்துவிடுவார்கள். ஒரு படகுக்குச் சுமார் பத்தாயிரம் பெயர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் நம்பர்தான் தெரியும். பெயர் தெரிய வேண்டுமானால் படகில் கை வைக்கும் தூரத்துக்குப் போக வேண்டும்.